தப்புக்குத் தனி ஆர்டர்

பசையக்கா கடையில் எரிமலை வாங்கலாம், காற்றாலை வாங்கலாம், சூரியனையும் அத்தனை கோள்களையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். தப்பு மட்டும் தனியாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அதுவும் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றால் நடக்காது. அவசரத்தில் போடுகிற தப்பு தப்பு மாதிரியே இருக்காது என்பது அவளுடைய கட்சி.

இது என்ன கூத்து என்று கேட்பவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்காதவர்கள். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே அவள் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு நீள மேசை, மேசை நிறையத் தெர்மாகோல் தூள், நடுவில் விரலெல்லாம் பசையோடு அவள். வருஷா வருஷம் அறிவியல் கண்காட்சி வரும். மாதிரிகளை மாணவர்கள்தாம் செய்ய வேண்டும் என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கையும் வரும். அது வந்த அன்று சாயங்காலமே அப்பாக்களும் அம்மாக்களும் கடை வாசலில் வரிசை கட்டுவார்கள். அத்தனை பேரும் காதும் காதும் வைத்தாற்போலப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவர் மட்டும் என்னவோ ஊர்வலம் பார்க்க வந்தவர் மாதிரி.

ஆரம்பத்தில் அவளுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியாது. ஒரு கடைசி பெஞ்சுப் பையனுக்கு ஆசை ஆசையாகக் காற்றாலை செய்து கொடுத்தாள். லேசாக ஊதினால் போதும், விளக்கு எரியும். அவ்வளவு அழகு. பையன் அன்றைக்கே மாட்டிக்கொண்டான். ஷூ லேஸ் கட்டத் தெரியாதவன் இதை எப்படிச் செய்தான் என்று வாத்தியார் கேட்டதும், திருதிருவென்று விழித்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அதிலிருந்து அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தப்பை அளந்து போட ஆரம்பித்தாள். முதல் ரேங்குக்கு ஒரே ஒரு அம்புக்குறி மாறியிருக்கும். நடுத்தரத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு இடம் மாறி, ஓரத்தில் பசை வழிந்திருக்கும். கடைசி பெஞ்சுக்கு மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

இந்த வருஷம் தப்புக்குக் கிராக்கி கூடிவிட்டது. புதிதாக ஒரு அறிவியல் சார் வந்திருந்தார். கடையில் வாங்கியது என்று தெரிந்தால் மேசையிலிருந்தே எடுத்துவிடுவேன் என்று அவர் பிரேயரில் சொல்லிவிட்டாராம். பெற்றோர்கள் அன்றைக்கே கடைக்கு ஓடி வந்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "எரிமலை ஒண்ணு வேணும். இவன் சுமாராப் படிப்பான். ரெண்டு தப்பு போடுங்க, இவனே செஞ்ச மாதிரி இருக்கணும்."

பசையக்கா பையனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு போட்டாத்தான் நம்புவாங்க."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க."

"அப்பா, நாலு கேளுங்கப்பா," என்றான் பையன். அவனுக்கு அவன் அருமை தெரிந்திருந்தது.

இதில் மனசாட்சி என்று ஒன்று குறுக்கே வராதா என்றால், வரும். வந்தால் அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. நான் செய்யலன்னா அடுத்த தெருக்காரன் செய்வான், அவனுக்கு நேரா ஒட்டவும் தெரியாது, கோணலா ஒட்டவும் தெரியாது. பிள்ளைங்களுக்கு இருக்கிற வீட்டுப்பாடத்துல இது வேறயா, கொஞ்சம் தூங்கட்டுமே. எல்லாரும் வாங்குறப்ப ஒருத்தன் மட்டும் வாங்காம இருந்தா அவன் பிள்ளைதானே பாவம். இப்படி நாலு காரணத்தை அடுக்கி, மேலே ஒரு கோட் பெயின்டும் அடித்து வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "நான் ஒரு தப்பு போட்டா என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க. நீ கொடுத்து வெச்சவ."

சிக்கல் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளேயே எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது.

மகள் அம்மாவிடம் இதுவரை கண்காட்சிக்கு மாதிரி எதுவும் செய்து தரச் சொன்னதில்லை. போன வருஷம் வரை சும்மா ஒரு சார்ட் எழுதிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்துவிடுவாள். இந்த வருஷம் கொடியில் துணி மாட்டுகிற கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்புறம் அலாரம் கடிகாரத்தின் மணி போனது. டார்ச்சின் பேட்டரி போனது. பசையக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தானே கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு பலகை, அதன்மேல் ஒரு துணிக் கிளிப். கிளிப்பின் இரண்டு வாயிலும் கம்பி சுற்றி, நடுவில் ஒரு சர்க்கரைக் கட்டியைக் கடிக்க வைத்திருந்தாள். சர்க்கரை இருக்கும்வரை கம்பிகள் ஒன்றையொன்று தொடாது. மழை பெய்தால் சர்க்கரை கரையும், கிளிப் மூடும், மணி அடிக்கும், ஓடிப்போய்த் துணி எடுக்கலாம். இத்தனைக்கும் கடையிலேயே மழை மணி விற்கிறது. ரெடிமேட் தகடு வைத்து அவள் எத்தனையோ செய்திருக்கிறாள். கிளிப்பும் சர்க்கரையும் அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

மகள் ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சர்க்கரை பொலபொலவென்று உதிர்ந்தது, மணி கிணுகிணுவென்று அடித்தது. பசையக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு கம்பி கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. கை தானாகப் போனது.

"தொடாத," என்று மகள் அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

"அந்தக் கம்பி மட்டும்..."

"அது அப்படியேதான் இருக்கும். நீ தொட்டா அது உன் கடைச் சரக்கு ஆயிரும்."

பசையக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்குக் கையைக் கட்டாமல் இருந்திருந்தால் தெருவில் இறங்கித் தட்டியிருப்பாள்.

கண்காட்சி இரண்டு நாள். முதல் நாள் சார் ஒவ்வொரு மேசையாகப் பார்ப்பார். இரண்டாம் நாள் பெற்றோர் வருவார்கள், பரிசும் உண்டு. முதல் நாள் சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, மணி அடிக்கலையா?"

"நல்லாதான் அடிச்சுது. அதான் பிரச்சினை."

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. சார் எல்லா மேசையையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எரிமலை சாய்ந்திருக்கிறது, தட்டிக்கொடுத்தார். சனிக்கோளின் வளையம் கழன்று விழுந்தது, சபாஷ் என்றார். தப்பு இருந்தால்தான் பிள்ளைகள் கைப்பட்டது, அது தனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கடைசியில் இவள் மேசைக்கு வந்தார். தண்ணீர் விட்டார், மணி அடித்தது. புதுச் சர்க்கரை வைக்கச் சொன்னார், மறுபடி விட்டார், மறுபடி அடித்தது. மணியை நிறுத்த இவள் இன்னொரு சர்க்கரைக் கட்டியை வைத்தாள். உங்க அம்மா என்ன செய்றாங்க என்று கேட்டார். இவள் சொன்னாள். அவ்வளவுதான், பலகையைத் தூக்கி ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டார். பரிசுக்கு இது கிடையாது, தலைமையாசிரியையிடமும் சொல்லப்போகிறேன் என்றாராம்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, நானே செஞ்சேன்னு."

"சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அவங்கள நம்பினாரு." மகள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "ஒண்ணு செய்யி. ராத்திரிக்குள்ள எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. நாளைக்கு அதைக் கொண்டுபோய் வெச்சிடறேன். நான் சுமாராப் படிக்கிற பொண்ணு. ரெண்டு தப்பு போடு."

பசையக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமாக அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட வலித்ததில்லை. அந்தச் சாரின் கண்ணை யார் இப்படிப் பழக்கினது? தப்பு இருந்தால் நேர்மை, தப்பில்லாவிட்டால் திருட்டு என்று அந்த மனுஷனை நம்ப வைத்தது யார்? மேசை முன்னால் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்புக்குறியைத் திருப்பி ஒட்டிய அதே கைதான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார். "நாளைக்குப் போய்ப் பேசு," என்றார்.

"பேசினா கடை போயிரும்ங்க. அத்தனை பேரையும் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"ஆமா, போயிரும்," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். அந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான், ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வராது.

மறுநாள் காலை அவள் கடையைத் திறக்கவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். எதிரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த ஹாலுக்குள் கால் வைத்ததே கிடையாது. உள்ளே போனதும் நாலு பக்கமும் பார்த்தாள். எங்கே திரும்பினாலும் அவள் கடை.

சார் நல்ல உயரம், நல்ல குரல். அவள் யார் என்று தெரிந்ததும் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. இந்த வயசுலயே பிள்ளைங்களுக்கு இப்படிப் பழக்கம் பண்ணலாமா?"

"அவ செஞ்சது சார் அது. நான் தொடக்கூட இல்ல."

"எந்த அம்மாவும் அப்படித்தானே சொல்வாங்க. நான் எப்படி நம்பறது?"

சுற்றிலும் பெற்றோர்கள். மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஜன்னலோரம் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது எது நான் செஞ்சதுன்னு காட்டறேன். வாங்க."

அவள் நடந்தாள், சார் பின்னால் நடந்தார். "இந்த எரிமலை என்னுது. மூணு தப்பு. வாய் ஒரு பக்கமா இருக்கு, பாறைக்குழம்புக்கு ஊதா பெயின்ட், அடியில ஒரு கால் கட்டை. இந்தச் சூரியக் குடும்பம் என்னுது. வளையம் விழணும்னே அரைச்சொட்டுப் பசைதான் வெச்சேன். இந்த நுரையீரல்ல பெயர்ச்சீட்டு ரெண்டும் மாத்தி ஒட்டினது. இந்த இதயம், முதல் ரேங்க் பாப்பாவுக்குச் செஞ்சது, அதனால ஒரே ஒரு அம்புக்குறி. இதோ, இங்க திரும்பியிருக்கு பாருங்க."

பெற்றோர்கள் கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ண ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. "சார், இந்தம்மா என்னமோ சொல்றாங்க, என் பையன் சொந்தமா..."

"அப்பா, விடுங்கப்பா," என்றான் பையன். "மூணு தப்பும் கரெக்டா சொல்லிட்டாங்க."

யாரோ ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தது. அப்புறம் இன்னொன்று. சாருக்கு முகம் சிவந்தது. நேற்று தட்டிக்கொடுத்த ஒவ்வொரு மேசையும் அவர் நினைவில் வந்து போயிருக்க வேண்டும், பாவம். ஆனாலும் பிடியை விடவில்லை. "சரி, இதெல்லாம் உங்களோடது. அதுக்காக அந்த மழை மணி உங்களோடது இல்லைன்னு ஆயிடுமா? அதுல மட்டும் ஏன் ஒரு தப்பும் இல்ல?"

நியாயமான கேள்விதான். பசையக்கா மகள் பக்கம் திரும்பினாள்.

அப்போது மணி அடித்தது.

ஜன்னலோரம் கிணுகிணுவென்று விடாமல் அடித்தது. எல்லோரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். சுள்ளென்று வெயில். ஒரு சொட்டு மழை இல்லை, பலகையை யாரும் தொடவுமில்லை. மகள்தான் முதலில் ஓடினாள், குனிந்தாள், அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். சாரும் போய்க் குனிந்தார். ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு பலகையில் ஏறி, கம்பி வழியாகக் கிளிப்பின் வாய் வரைக்கும் போயிருந்தது. சர்க்கரை இருந்த இடத்தில் ஒரு பொடி மிச்சம். அதையும் ஒரு எறும்பு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"எறும்பை நான் யோசிக்கவே இல்ல சார்," என்றாள் மகள். குரல் உள்ளே போய்விட்டது.

சார் எறும்புகளைப் பார்த்தார், பசையக்காவைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது.

"இந்தத் தப்பு என் கடையில கிடைக்காது சார்," என்றாள் பசையக்கா. "எனக்கு இவ்வளவு நல்லா வராது."

சார் சிரித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, சிரிக்க ஆரம்பித்ததும் மனுஷன் நன்றாகவே சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. பிறகு பலகையை எறும்போடு தூக்கிக்கொண்டு வந்து ஹாலின் நடு மேசையில் வைத்தார். "நேத்து உன்னை நம்பாதது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்," என்று மகளிடம் சொன்னார். மற்றவர்கள் அடுத்த வாரம், இதே ஹாலில், அவரவர் கையால் மறுபடி செய்ய வேண்டும், பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும் என்றார். பெற்றோர்கள் பெருமூச்சு விட்டார்கள். பிள்ளைகளுக்கு அது காதிலேயே விழவில்லை. அவர்கள் பலகையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு நடுவில் வைக்கலாம் என்றது ஒன்று. சர்க்கரைக்குப் பதில் உப்புக் கட்டி வை, உப்பை எறும்பு தின்னாது என்றான் மருந்துக்கடைக்காரர் மகன். அவனுடைய அப்பா அவனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பசையக்கா யாருக்கும் தெரியாமல் நழுவினாள். மகள் பெயர் மீண்டுவிட்டது, அது போதும். மகளின் சிநேகிதர்கள் அத்தனை பேரையும் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே, இனி பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு பயம். கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாள், பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"அம்மா, நில்லு."

நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் திரும்பினாள். மகளுக்கு மூச்சு வாங்கியது.

"அந்த இதயத்துல, அம்புக்குறி மட்டுந்தான் காட்டின. வால்வைக் காட்டவே இல்லையே."

"வால்வுல என்ன?"

"மேல் அறையிலேருந்து கீழ் அறைக்குத்தான் திறக்கணும். நீ கீழேருந்து மேல திறக்கிற மாதிரி வெச்சிருக்க. ரத்தம் வந்த வழியே திரும்பிப் போயிரும்."

"நெஜமாவா?"

"எல்லா வருஷமும் அப்படித்தான் வெக்கிற. நான் அதுவும் வேணும்னே போடற தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னிக்கு நீ அம்பைக் காட்டிட்டு வால்வைத் தாண்டிப் போனியா, அப்பத்தான் தெரிஞ்சுது. உனக்கே தெரியாதுன்னு."

எத்தனை இதயம். எத்தனை வருஷம். தப்பை அளந்து போடுகிறோம் என்று இறுமாந்திருந்தாளே, அத்தனை இதயத்திலும் அளக்காத ஒரு தப்பு குந்தியிருந்திருக்கிறது. மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் இவள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பிக்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் அவள் தோளில் சாய்ந்து சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பசையக்கா மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் திரும்பினாள்.

"எங்கம்மா போற?"

"சார்கிட்ட சொல்லணும். அந்தப் பாப்பா தப்பாப் படிச்சிக்கும்ல."

"விடும்மா, இன்னிக்குச் சொன்னதே போதும். நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே," என்றாள் பசையக்கா.

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு பசை காய்ந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கூட நடந்தாள்.